செடியைப் படித்தால் சோறு கிடைக்குமா? கொங்குநாட்டு மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் 27 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சத்தியிலிருந்து, அந்தியூரிலிருந்து, தாராபுரம், காங்கேயம், ராசிபுரத்திலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் பிள்ளைகள், மீதி அப்பாமார்கள். கேள்விகள் மட்டும் வருடா வருடம் அதேதான். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஏனுங்க டீச்சர், செடி கொடியப் பத்திப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன். "காலையில எட்டு மணிக்கு நீ எங்க நிக்கணும்னு ஆசைப்படற? வயல்லயா, கண்ணாடி ரூமுக்குள்ளயா, காட்டுலயா, கம்ப்யூட்டர் முன்னாலயா, இல்ல பள்ளிக்கூடத்துல சாக்பீஸோடயா?" பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் மூன்றாம் வருடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று விசாரித்துவிட்டுச் சேர்ந்தவர்கள் அப்படி நின்றதில்லை.

அதனால் கீழே வேலைகளின் பெயரை மட்டும் அடுக்காமல், முடிந்தவரை அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லப் பார்க்கிறேன்.

பி.எஸ்சி. அக்ரி, பி.எஸ்சி. பாட்டனி, பயோடெக் மூணுக்கும் என்னங்க வித்தியாசம்?

மூன்றிலும் செடிதான் படிக்கிறோம், கேட்கிற கேள்விதான் வேறு. "இந்தச் செடி ஏன் இப்படி இருக்கிறது?" என்பது தாவரவியல். "இந்தச் செடியில் எப்படி விளைச்சல் எடுப்பது?" என்பது வேளாண்மை. "இந்தச் செடியின் செல்லுக்குள் கை வைக்க முடியுமா?" என்பது பயோடெக்.

ஆனால் வேலை என்று வரும்போது ஒரு சட்ட வித்தியாசம் இருக்கிறது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அரசில் வேளாண் அலுவலர் ஆக வேண்டுமானால் நான்கு வருட வேளாண் பட்டம் வேண்டும், தோட்டக்கலை அலுவலருக்குத் தோட்டக்கலைப் பட்டம் வேண்டும். தாவரவியலில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் அந்த விண்ணப்பத்தைப் போட முடியாது. வங்கிகளின் வேளாண் அலுவலர் வேலைக்கும் வேளாண்மை சார்ந்த நான்கு வருடப் பட்டம்தான். ஆகவே 'அரசு வேளாண் துறை'தான் குறி என்றால் யோசிக்காமல் அக்ரிக்குப் போங்கள்.

ஆசிரியர் வேலை, கல்லூரிப் பேராசிரியர், வனப்பணி, அடிப்படை ஆராய்ச்சி, தாவர ஆய்வகம் என்றால் மூன்று வருடத் தாவரவியலில் தொடங்கினால் போதும், பெரும்பாலும் அதன் மேல் எம்.எஸ்சி. படிக்க வேண்டியிருக்கும். பயோடெக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் மினுக்கும், ஆனால் சில கல்லூரிகளில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும். சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் போய், கடைசி வருடப் பிள்ளைகளிடம் "இந்த மாசம் எத்தனை தடவை லேபுக்குள்ள போனீங்க?" என்று கேளுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதிலும் உண்டு. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீட் கிடைக்கலைங்க, அதனால பாட்டனில சேரலாம்னு இருக்கேன். பரவாயில்லைங்களா?

சேரலாம். ஆனால் முதல் ஆறு மாதத்துக்குள் நீட் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று இருந்தால் இரண்டும் போய்விடும்.

நான் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புங்க. எனக்கு வழியே இல்லையா?

பி.எஸ்சி. தாவரவியலுக்குப் பொதுவாகப் பிளஸ் டூவில் உயிரியலோ தாவரவியலோ கேட்பார்கள். ஆனால் செடிகளின் மரபணுத் தொடரை அலசுவது, டிரோன் படத்திலிருந்து பயிரின் நோயைக் கண்டுபிடிப்பது போன்ற வேலைகளுக்கு இப்போது கணக்குத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். வேளாண் பொறியியல் என்ற பி.டெக். படிப்பும் இருக்கிறது, அதற்குக் கணக்கு வேண்டும்.

கோயம்புத்தூர்ல இதுக்கெல்லாம் என்னங்க இருக்குது? மெட்ராஸுக்கோ டெல்லிக்கோ போகணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். செடி ஆராய்ச்சிக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்து சேர்கிற இடமே கோவைதான்.

லாலி ரோட்டில் இறங்கினால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி பிறகு கோவைக்கு இடம் மாறிக் கல்லூரியாகி, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. எம்.எஸ்.சுவாமிநாதன் இளநிலை வேளாண்மை படித்தது இந்தக் கல்லூரியில்தான். அதே வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பறித்து உலர்த்தி வைத்த செடிகள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் சவுக்கு, யூகலிப்டஸ் ரகங்களை உருவாக்குகிறது. மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் கோவையில்தான். மிக நீண்ட இழைக்குப் பெயர்போன சுவின் பருத்தி 1974-ல் கோவையிலிருந்து வந்தது.

அப்புறம் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம். 1912-ல் தொடங்கியது. கோவையில் ஏன் என்றால், இங்கேதான் கரும்பு ஒழுங்காகப் பூத்து, முளைக்கிற விதையும் பிடிக்கிறது. நம் விவசாயிக்குக் கரும்பு பூத்தால் எரிச்சல்தான், சர்க்கரை குறைந்துவிடும். அங்கே பூவுக்காகவே கரும்பு வளர்க்கிறார்கள். நாம் சாப்பிடுகிற தடித்த கரும்பையும் ஆற்றோரம் தானாக முளைக்கிற பேய்க்கரும்பையும் அந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் ஒட்டுச் சேர்த்ததில் பிறந்தது கோ 205 (Co 205) என்ற ரகம். 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. அந்த 'Co' என்ற இரண்டு ஆங்கில எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கரும்புக்காடுகளில் பரவிய கோ 0238-க்கும் நம் பக்கத்துக் கோ 86032-க்கும் அதே தலையெழுத்துதான்.

கோவையை விட்டு வெளியே வந்தாலும் குறைவில்லை. மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, பவானிசாகரில் மஞ்சள் ரகங்கள் வெளியிட்ட ஆராய்ச்சி நிலையம், ஆழியாறு நகரில் தென்னை, சேலம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஏற்காட்டில் ஆர்க்கிட் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம். பெரும்பாலும் பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம்.

புது ரகம் கண்டுபிடிக்கிற வேலைன்னா என்ன பண்ணுவாங்க?

இதற்குப் பயிர்ப் பெருக்கம் என்று பெயர். பருத்தியை வைத்துச் சொல்கிறேன், ஆத்தூர்ப் பக்கம் வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுக்கிற காடுகளில் இன்றும் பார்க்கலாம்.

மதியம் மூன்று மணிக்கு மேல் காட்டுக்குள் இறங்க வேண்டும். நாளைக் காலையில் மலரப்போகிற மொட்டு எது என்று கண்ணாலேயே பிரிக்க வேண்டும். கொஞ்சம் வெளிறி, நுனி முறுக்கிக்கொண்டு, புல்லிவட்டத்தை விட்டு எட்டிப் பார்க்கும். கட்டைவிரல் நகத்தால் மொட்டின் அடியைச் சுற்றி ஒரு கீறல் போட்டு, இதழோடு மகரந்தத்தாள் குழாயையும் சேர்த்துத் திருகினால் உறை கழன்று கையோடு வந்துவிடும். நடுவில் வெள்ளையாகச் சூல்தண்டு மட்டும் நிற்கும். நகம் அரை நூல் உள்ளே போனாலும் சூல்பை காயப்பட்டு, காய் பிடிக்காமல் உதிரும். அதன்மேல் ஒரு காகித உறையைச் செருகிவிட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஆண் வரிசையிலிருந்து பூவைப் பறித்து வந்து, இந்தச் சூல்முடியின் மேல் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இப்படி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மொட்டுகள்.

இதைக் கூலிக்குச் செய்கிற பெண்களின் விரல் வேகத்தை எம்.எஸ்சி. படித்தவர்களால் எட்டிப் பிடிக்க முடியாது. ஆராய்ச்சியாளரின் வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்வது, பிறந்த செடிகளை ஆறேழு தலைமுறை விதைத்து, அளந்து, நோய்க்கு விட்டுப் பார்த்து, நூற்றில் தொண்ணூற்றெட்டைக் கழிப்பது. ஒரு ரகம் வெளிவரப் பத்து வருடம் ஆகும். இதற்கு அக்ரி படித்துப் பயிர்ப்பெருக்கம் மற்றும் மரபியலில் எம்.எஸ்சி. செய்வது நேர்வழி. அரசு நிறுவனம் மட்டுமில்லை, ராசி சீட்ஸ் போல ஆத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைக் கம்பெனிகளும் ஆள் எடுக்கின்றன.

பக்கத்திலேயே அமைதியான இன்னொரு வேலை உண்டு, விதைப் பரிசோதனை. நெல் விதை என்றால் நானூறு விதையை எண்ணி, நூறு நூறாகப் பிரித்து, ஈரத் தாளில் சுருட்டி வைத்து, 14-ஆம் நாள் எத்தனை முளை சரியாக வந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த மூட்டைக்குச் சான்று அட்டை கிடையாது.

திசு வளர்ப்பு லேபுல சேரச் சொல்றாங்க. போலாமுங்களா?

திசு வளர்ப்பு என்றால் செடியின் சின்னத் துண்டிலிருந்து பாட்டிலுக்குள் கன்று வளர்ப்பது. கையில் நிதானம் இருக்கிறதா? அதுதான் முதல் தகுதி.

ஜி-நைன் வாழைக்கன்று வாங்கி நட்டிருப்பீர்கள். அது இப்படிப்பட்ட கண்ணாடி அறையில் பிறந்தது. குருத்து வளர்வதற்கான சத்துக் கலவையைக் கரைத்து, அமிலத்தன்மையை 5.8-க்குக் கொண்டுவந்து, பாட்டிலில் ஊற்றி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுப்பார்கள். இட்லிப் பாத்திரம் மாதிரிதான், ஆனால் குக்கரின் அழுத்தத்தோடு. பிறகு காற்று வடிகட்டி வீசுகிற மேசையின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கத்தியைச் சுட்டு, ஆறவைத்து, குருத்தை வெட்டி, பாட்டில் மாற்றி, மூடி, பெயர் எழுதி, மறுபடி கத்தியைச் சுட வேண்டும். பேச்சு கூடாது, இருமல் கூடாது.

நான் எம்.எஸ்சி. படிக்கும்போது விடுமுறையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போனேன். அவசரத்தில் கத்தி ஆறுவதற்குள் வெட்டியதில் முதல் வாரக் குருத்துகள் எல்லாம் கருகின. அடுத்த வாரம் ரொம்ப ஆறவிட்டேன், நூற்று நாற்பது பாட்டிலிலும் பஞ்சு மாதிரி பூஞ்சை ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. அத்தனை பாட்டிலையும் என்னையே கழுவ வைத்தார். அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

தொடக்கச் சம்பளம் குறைவு, ஒளிக்க ஒன்றுமில்லை. நான்கைந்து வருடத்தில் தயாரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தால்தான் கட்டுப்படியாகும். வேலையைக் கற்றுக்கொண்டு சொந்தமாகச் சின்ன ஆய்வகம் போட்டவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள்.

மரவள்ளி, தென்னை நோயெல்லாம் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒரு படிப்பு இருக்குதாமே?

இருக்கிறது. நோயைப் பார்ப்பது தாவர நோயியல், பூச்சியைப் பார்ப்பது பூச்சியியல். கொங்குநாட்டில் இதற்கு எப்போதும் வேலை உண்டு, பயிர் அப்படி.

மரவள்ளி மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், சீக்கிரமே சேலம், நாமக்கல், ஈரோடு என்று பரவியது. குருத்து சுருண்டு முண்டுமுண்டாக நிற்கும். மருந்தடித்துப் பார்த்தார்கள், கட்டுப்படவில்லை. அந்தப் பூச்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, அதை அடக்குகிற எதிரி இங்கே இல்லை. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, 2022-ல் ஏத்தாப்பூரில் வெளியே விட்டது. எள்ளுக்கும் சின்னதான அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். நம் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு பெனினிலிருந்து ஆள் வந்த கதை இது.

பொள்ளாச்சித் தென்னையில் 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தது, அப்புறம் கேரள வாடல் நோயின் தொந்தரவு. ஈரோட்டு மஞ்சளில் கிழங்கழுகல். எதற்கும் ஒரே நாளில் தீர்வில்லை. அழுகின கிழங்கை வெட்டி, நுண்ணோக்கியில் வைத்து, இது பூஞ்சையா, புழுவா, வெறும் தண்ணீர் தேங்கியதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் விவசாயி தேடுகிறார். மருந்துக்கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து மூன்று பாட்டிலைக் கொடுத்துவிடுவார்.

காட்டுல வேலை செய்யணுங்க. சத்தியமங்கலம் காடு மாதிரி.

இந்திய வனப்பணிக்கு யூ.பி.எஸ்.சி. தேர்வு. தாவரவியல் பட்டதாரி எழுதலாம், முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸோடு பொதுவானது. மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழிற்பழகுநர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சீருடை போட்ட வனத்துறை வேலையில் செடி பார்க்கிற நேரம் குறைவு. தீ, யானை, வழக்கு, கோப்பு இவைதான் அதிகம்.

செடியே பார்க்க வேண்டுமென்றால் சூழலியல் ஆராய்ச்சி அல்லது செடிகளை அடையாளம் கண்டு வகைப்படுத்துகிற வகைப்பாட்டியல். உண்ணிச்செடி என்ற களை எவ்வளவு காட்டைப் பிடித்திருக்கிறது, அதை எடுத்த இடத்தில் எந்தப் புல் திரும்பி வருகிறது என்று கட்டம் கட்டி எண்ணுகிற வேலை. காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. காங்கேயத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த பூமியில் காங்கேயம் மாட்டுக்காக நம் பெரியவர்கள் வைத்துப் பேணிய மேய்ச்சல் நிலம். ஒரு முனைவர் பட்டத்துக்கு மேலேயே அதில் விஷயம் கிடக்கிறது.

செடிக்குப் பேர் கண்டுபிடிக்கிறதுக்கு எல்லாம் சம்பளம் தருவாங்களா?

தருவார்கள், இடம் மட்டும் குறைவு. ஒரு செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்தி, தினமும் தாள் மாற்றி, காய்ந்ததும் கெட்டி அட்டையில் தைத்து, எங்கே, எந்தத் தேதியில், பூ என்ன நிறம் என்று எழுதி வைப்பதுதான் ஹெர்பேரியம். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், அதனால் நிறத்தை அங்கேயே எழுத வேண்டும். இதை மறக்காத பிள்ளை ஒரு வகுப்பில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுகளுக்கும் மூலிகைக் கம்பெனிகளுக்கும் செடியைச் சரியாக அடையாளம் சொல்லத் தெரிந்தவர் வேண்டியிருக்கிறது, அப்படிப்பட்ட ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கூட்டமில்லாத வழி வேண்டும் என்பவருக்கு நான் இதைச் சொல்வேன்.

மூலிகை, மஞ்சள் இந்த மாதிரி கம்பெனி வேலை?

உண்டு. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில் மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் எத்தனை சதவீதம், மருந்து எச்சம் இருக்கிறதா என்று அளந்துதான் விலை. அந்தத் தரப் பரிசோதனை அறைகளில் தாவரவியலோடு கொஞ்சம் வேதியியல் தெரிந்தவருக்கு இடமிருக்கிறது. அரவக்குறிச்சி, மூலனூர்ப் பக்கம் முருங்கை இலைப் பொடியும் அப்படித்தான்.

மூலனூர் என்றதும் கண்வலிக்கிழங்கு நினைவுக்கு வருகிறது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விதைக்காகப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள், காலையில் பெண்கள் பூப்பூவாகப் போய் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விதையிலுள்ள கோல்சிசின் என்ற பொருள் கவுட் (gout) எனும் கீல்வாதத்துக்கான மருந்துக்குப் போகிறது. அதே கோல்சிசினை ஒரு சொட்டு நாற்றின் நுனியில் வைத்தால் செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலக முடியாமல் அங்கேயே தங்கி, எண்ணிக்கை இரட்டித்துவிடும். புது ரகம் உருவாக்க உலகமெங்கும் இந்த வித்தையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் மூலனூர்ப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "எங்க தோட்டத்துச் சரக்காங்க மேம்?" என்று எழுந்தே நின்றுவிட்டான். செடி முழுக்க நஞ்சு, வீட்டில் சோதனை செய்து பார்க்காதீர்கள்.

பொம்பளப் புள்ளைக்கு இது ஒத்து வருங்களா? காடு மேடெல்லாம் சுத்தணுமே. பி.எச்டி.ன்னா வயசும் ஆயிடுமே.

அம்மாக்கள் கேட்பது அபூர்வம், அப்பாக்கள்தான் கேட்கிறார்கள். ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்வேன். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் வாங்கி, 1934 முதல் 1939 வரை நம் கோவைக் கரும்பு நிறுவனத்தில் வேலை செய்தார். கரும்பை மற்றப் புல் வகைகளோடு கலந்து பார்த்தார். அப்புறம் இங்கிலாந்து போனார். அங்கே நாற்றுகளில் கோல்சிசின் இட்டு அவர் வளர்த்த மக்னோலியாக்களில் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். அரசு அழைத்ததால் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார், 1977-ல் பத்மஸ்ரீ வாங்கினார். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் கோயம்புத்தூர்க் கரும்புக்காட்டில் நின்று செய்த வேலையை இப்போது உங்கள் மகளால் செய்ய முடியாதா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வயசுக் கணக்கும் சொல்கிறேன். பி.எஸ்சி. முடிக்க 20 அல்லது 21, எம்.எஸ்சி. 23, பி.எச்டி. 28 அல்லது 29. என் மாணவிகளில் கல்யாணமான பிறகு முடித்தவர்களும் உண்டு, நடுவில் விட்டவர்களும் உண்டு. விட்டவர்களில் பெரும்பாலோர் படிப்பு கஷ்டமாக இருந்ததால் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்காததால் விட்டார்கள். களப்பணியில் தங்கும் இடம், கழிப்பறை எல்லாம் உண்மையான பிரச்சினைகள்தான். வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் ஏற்கெனவே படிக்கும் பெண்களிடம் போய் விசாரியுங்கள்.

என்னென்ன பரீட்சை எழுதணுமுங்க?

எம்.எஸ்சி.க்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்றால் க்யூட் நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி. என்றால் ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள். கேட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் தாவரவியல் ஒரு விருப்பப் பகுதியாக இருக்கிறது. எம்.எஸ்சி.க்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆராய்ச்சி செய்யச் சம்பளமா என்று கேட்ட அப்பாக்களுக்கு இந்த எண்ணைச் சொன்னால் முகம் மாறும். பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும்.

தமிழ் மீடியத்துல படிச்சேன். இங்கிலீஷ் வராதே?

முதல் வருடம் திணறுவீர்கள், இரண்டாம் வருடம் பழகிவிடும். செடிகளின் பெயரெல்லாம் லத்தீன், அதில் எல்லோரும் ஒரே அளவுக்குத் திணறுகிறோம்.

எங்களுக்கு எட்டு ஏக்கர் தோட்டம் இருக்குதுங்க. பையன் படிச்சுட்டு வேற ஊருக்குப் போயிட்டா பண்ணையத்த யார் பார்க்கறது?

ஒரு ஏக்கரில் நாற்றுப்பண்ணை போட்டால் அந்தப் படிப்பு வீட்டிலேயே வேலை செய்யும். மிளகாய், தக்காளிக் குழித்தட்டு நாற்றுக்கு நம் பக்கம் எப்போதும் கிராக்கி. விதை உற்பத்திக்குக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போடலாம். பூச்சிமருந்துக் கடை வைக்க உரிமம் கேட்டால் இப்போது படிப்புத் தகுதி பார்க்கிறார்கள். வேளாண்மை மட்டுமில்லை, தாவரவியல், விலங்கியல், வேதியியல் பட்டதாரிக்கும் தகுதி உண்டு. படித்த பையன் வைத்த கடையில் மூன்று பாட்டிலுக்குப் பதில் ஒரு பாட்டில் கொடுத்தால் ஊர்க்காரர்களும் வாழ்த்துவார்கள்.

பிளஸ் ஒன்னுலதான் இருக்கேன். இப்பவே ஏதாச்சும் பண்ணலாமுங்களா?

பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற மடக்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், ரொம்ப விலை இல்லை. ஒரு நோட்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரம். வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம். புதுத் தளிர் வந்ததா, பூ எத்தனை, எந்தப் பூச்சி வந்தது.

நம்பியூர்ப் பையன் ஒருவன் வீட்டு முருங்கையை இப்படி ஒரு வருடம் எழுதி வைத்திருந்தான். காலை ஆறரைக்குப் பெரிய கருவண்டுத் தேனீ, எட்டு மணிக்கு மேல் சின்னத் தேனீ, மழைக்கு மறுநாள் பூ உதிர்வு இத்தனை என்று கோடு போட்டு, நான்கு நான்காகக் கட்டி எண்ணியிருந்தான். பாட்டனியா அக்ரியா என்று கேட்கத்தான் அவன் அப்பாவோடு வந்தான். நான் அந்த நோட்டை வாங்கிப் புரட்ட ஆரம்பித்தவள், டீ ஆறிப்போனது தெரியாமல் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, ஜூன் மாதத்தில் மூன்று வாரம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன். "அம்மிச்சி ஊருக்குப் போயிட்டனுங்க மேம்," என்றான்.